வராத பறவைக்கும் கணக்கு உண்டு!

மும்பை வடாலாவில் வசிக்கும் தமிழ் அன்பர் ஒருவர், தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். புது வருஷம் பிறந்தால் மற்றவர்கள் டைரியில் பால் கணக்கு எழுதுவார்கள். இவரோ அந்த ஆண்டில் எத்தனை வகைப் பறவைகளைப் பார்ப்பது என்று இலக்கு எழுதுகிறார். டிசம்பர் 31 இரவு கணக்கு முடிப்பு. பள்ளியில் படிக்கும் பேரன்தான் தணிக்கை அதிகாரி!

2023-இல் அவர் வைத்த இலக்கு 150. ஞாயிறுதோறும் ரயில் ஏறினார். போரிவிலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, பன்வேலுக்கு அப்பால் கர்னாலா சரணாலயம் என்று அலைந்தார். ஆண்டு முடிவில் 152 தேறியது. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

நோட்டைப் புரட்டிய பேரன் கேட்டான்: "தாத்தா, சிவ்ரிக்கு இந்தத் தடவை பூநாரை எப்போ வந்தது?"

பதில் இல்லை. முந்திய ஆண்டுகளில் முதல் பூநாரை கண்ட தேதி தவறாமல் இருக்கிறது. 2023-இலோ ஜனவரியிலேயே ஒரு நாள் பார்த்து, பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. எண்ணிக்கை கூடாத இடத்துக்கு ஏன் போவது என்று மழைக்காலம் கழிந்த பிறகு அங்கே எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த ஸ்டேஷன்தான் சிவ்ரி! அங்கிருந்து புறப்படும் கடற்பாலம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. பாலவேலை முடியும் தறுவாயில் பறவைகள் வந்தனவா என்று சொல்ல அவரிடம் ஒரு வரி இல்லை. போன பருவம் திரும்பி வருமா?

கணக்கு எழுதுவது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் ராஜஸ்தானின் பரத்பூரில் பிணந்தின்னிக் கழுகுகளை எண்ணி வந்தனர். 1980-களின் கணக்கையும் 1990-களின் கணக்கையும் ஒப்பிட்டபோதுதான் அவை மளமளவென்று அழிவது அம்பலமாயிற்று. மாடுகளுக்குக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தே எமன் என்று 2004-இல் ஆய்வு வெளியானது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியா தடை செய்தது. பழைய கணக்கு இல்லாதிருந்தால் எதனோடு ஒப்பிட்டிருப்பார்கள்?

அன்பர் தம் இலக்கை மாற்றினார். 2024-க்கு எழுதியவை மூன்றே வரிகள். மாதத்தின் முதல் ஞாயிறு சிவ்ரி கரையில் ஒரு மணி நேரம். ஒன்றுபோல் தோன்றும் உள்ளான்களை இனம் பிரித்து அறிவது. வழக்கமாக வருவது வராவிட்டால் "இல்லை" என்று எழுதுவது.

ஆண்டு முடிவில் 97 வகைகளே தேறின. உள்ளான்களில் பாதி இன்னும் பிடிபடவில்லை. சிவ்ரிக்கு 12-இல் 11 மாதம் போயிருக்கிறார். ஜூலையில் ரயில் ஓடவில்லை, மழை.

"97-தானா?" என்றாளாம் மனைவி.

"'இல்லை'ன்னு எழுதினதையும் எண்ணிப் பாரு பாட்டி" என்றானாம் பேரன்.

அந்த ஆண்டும் பாயசம் உண்டு.