முட்டையை நிறுத்திய கோழி என்ன செய்கிறது?

“தம்பி, பத்துக் கோழி தந்தவை. போன மாசம் வரை நல்லா முட்டையிட்டுது. இப்ப நாலைஞ்சுதான் இடுது. அதுக்குள்ள என்ர பழைய ஊர்க்கோழி வேற சட்டிக்குள்ள படுத்துக்கொண்டு எழும்பாதாம். வந்து பாக்கிறவை நான் ஒழுங்காப் பராமரிக்கேல்லை எண்டு எழுதிப்போட்டால்?”

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு முற்றத்தில், தகரமும் வலையும் வைத்துக் கட்டிய கூட்டுக்கு முன்னால் நின்று ஒரு அக்கா இப்படிக் கேட்டார். 2009க்குப் பிறகு குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்துகிறவர். வாழ்வாதார உதவி என்று கோழி கிடைத்த பல வீடுகளில் இதே பயத்தைக் கண்டிருக்கிறேன். கோழி முட்டையிடாவிட்டால் குற்றம் வளர்த்தவரின் தலையில் விழுகிறது. ஆனால் கோழியின் உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணித்தியாலம் வேண்டும். அதில் பெரும்பகுதி, சுமார் 20 மணித்தியாலம், ஓடு படிவதற்கே போகிறது. அதனால் முட்டையிடும் நேரம் நாளுக்கு நாள் பிந்தி, கடைசியில் ஒரு நாள் விடுபடும். எந்த நல்ல கோழியும் 365 நாளும் முட்டை தராது. ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்துத் தீனியில் போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுக்கும். தோல் முட்டை வந்தால் இடித்த சிப்பி வையுங்கள். முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும்.

குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, பகல் குறைவதால்தான் முட்டை நிற்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். வன்னியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் அளவுதான். இங்கே முதலில் பார்க்க வேண்டியவை தீனி, தண்ணீர், வெக்கை, இறகு உதிர்தல், பேன், நோய்.

சரி, சட்டிக்குள் படுத்த கோழி? அது அடைக்குக் கிடக்கிறது. மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற ஓமோன் கூடுதலாகச் சுரக்க, முட்டையிடுதல் நின்றுவிடும். தீனி குறையும், நெஞ்சடி இறகு உதிரும், கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். 21 நாள் இருந்து பொரித்து, பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். பொரித்த குஞ்சு வயிற்றுக்குள் எஞ்சிய மஞ்சட்கருவிலேயே இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். பிந்திப் பொரிப்பவற்றுக்காகத் தாய் காத்திருக்க முடிவது அதனால்தான்.

அதிக முட்டைக்கென்று உருவாக்கிய கலப்பினக் கோழிகளில் இந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துக் குறைத்துவிட்டார்கள். அவை ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் கடைத்தீனி வேண்டும், அடைக்கும் கிடக்காது. ஒன்றரை, இரண்டு வருடத்தில் முட்டை குறையும்போது வீட்டில் மிஞ்சுவது வயதான பத்துக் கோழி. ஊர்க்கோழி இடுவது கொஞ்சம், ஆனால் அடுத்த தலைமுறையை அதுவே தருகிறது. உதவித் திட்டப் படிவத்தில் முட்டைக்கு ஒரு கட்டம் இருக்கிறது; அடைக்கு இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

அடை வைக்கும் முட்டை ஒரு கிழமைக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது. எங்கள் வெக்கையில் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். கூழ்முட்டை கூடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் சேர்த்து வைத்தால் நல்லது.

அக்காவின் அடுத்த கேள்வி: “வந்த கோழியளைப் பழசுகள் ஏன் இப்பிடிக் கொத்துதுகள்?” கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு படிநிலை உண்டு. நோர்வே நாட்டு விலங்கியலாளர் ஷெல்டெரப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1921இல் இதைப் பற்றி எழுதினார். படிநிலை தெளிவானதும் சண்டை குறையும். புதுக்கோழி வந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அடியில் இருப்பது தீனிக்குக் கடைசியாக வரும், மெலியும், முட்டையும் குறையும்.

“செட்டிகுளம் காம்பில தண்ணி பவுசருக்கு நிண்ட மாதிரி,” என்றார் அக்கா. சிரித்தார்.

தீனிச் சட்டியை ஒன்றுக்கு மூன்றாக்கித் தள்ளித்தள்ளி வைத்தால் அடிக்கோழிக்கும் கிடைக்கும். புதுசுகளை ஒவ்வொன்றாக விடாமல் கூட்டமாக விடுங்கள். இரத்தம் கண்டால் மற்றவையும் கொத்தும். காயப்பட்டதை உடனே பிரியுங்கள். எல்லாவற்றுக்கும் முன், புதுக்கோழிகளை இரண்டு கிழமை தள்ளி வேறு கூட்டில் வைத்திருங்கள். ராணிக்கெட் போன்ற நோய் வந்தால் ஒரு கிழமைக்குள் கூடே காலியாகலாம். பச்சைக் கழிச்சலும் கழுத்துத் திருகலும் கண்ட பிறகு மருந்து தேடிப் பயனில்லை. தடுப்பு மருந்தை முன்கூட்டியே போட வேண்டும். பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். நோய் இல்லையென்று தெரிந்த பிறகு இன்னும் சில நாள் வலைக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்துப் பழகினால், சேர்க்கும்போது கொத்தும் குறையும்.

நான் வெளிக்கிடும்போது அக்கா பக்கத்து வீட்டில் பதினொரு முட்டை வாங்கி வந்திருந்தார். அங்கே சேவல் நிற்கிறது. சட்டியில் வைக்கோலைத் திருத்தி முட்டைகளை வைத்தார். கோழி சிணுங்கிக்கொண்டு ஏறி அமர்ந்தது. கூட்டுப் பலகையில் கரியால் திகதியை எழுதினார்.