பயிற்சிக் காலத்தைச் சுருக்கினால்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் உயிரிழந்தார்கள். இந்தக் கணக்கு எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். இவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் பயிற்சிப் பறப்புகளிலும் பிற விபத்துகளிலும் மாண்டவர்கள் என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. போர்க்காலத்தில் ஓர் அரசு, மாதத்துக்கு இத்தனை பேரைத் தயார் செய்கிறோம் என்று அறிவித்தால், முதலில் இந்த 8,000 பேரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர். விமானிகள், வழிகாட்டிகள், ரேடியோ இயக்குநர்கள், துப்பாக்கி வீரர்கள் எல்லாரையும் ஒரு விமானக் கொட்டகையில் கூட்டி, நீங்களே குழு சேர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடுவார்கள். முதலில் வெலிங்டன் விமானத்தில் பயிற்சி. பிறகு நான்கு எஞ்சின் ஸ்டர்லிங், ஹாலிஃபாக்ஸ். புது விமானங்கள் போர்முனைக்குப் போயின. அங்கே ஓடித் தேய்ந்தவை பயிற்சித் தளங்களுக்கு வந்தன. கை பழகாதவனிடம் களைத்துப்போன இயந்திரத்தைக் கொடுத்தார்கள்.

ஆரம்பகால ஹாலிஃபாக்ஸின் வாலில் முக்கோண வடிவத் துடுப்புகள் இருந்தன. ஒரு பக்கத்து எஞ்சின் நின்று வேகம் குறைந்திருக்கையில் விமானி சுக்கானை அழுத்தித் திருப்பினால், காற்றின் விசையில் அது ஒரு பக்கமாகவே இறுகிக்கொள்ளும். எவ்வளவு மிதித்தாலும் திரும்பாது. விமானம் சுழன்று விழும். எஞ்சின் நின்றால் சமாளிப்பதோ கட்டாயப் பாடம். 1943-ல்தான் செவ்வகத் துடுப்புகள் வந்தன.

மலைகளும் கொன்றன. இருட்டடிப்புச் செய்த நாட்டின் மேல், இரவில், காற்றின் வேகத்தைக் கணித்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு சற்றுப் பிசகினாலும் கடல்மேல் பறப்பதாக நினைத்துக்கொண்டு மேகத்துக்குக் கீழே இறங்குவார்கள். அங்கே வேல்ஸின் மலை நிற்கும். ஸ்னோடோனியா பகுதியில் இப்படி விழுந்தவர்களைத் தேடி, லான்டுரோக் தளத்து மருத்துவ அதிகாரி ஜார்ஜ் கிரகாம் ஆட்களைத் திரட்டினார். 1943-ல் மலை மீட்புக்கென்றே ஒரு பிரிவை விமானப்படை அமைக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய விபத்துகளை விமானியின் தவறு என்று எழுதி முடித்துவிடுவது எளிது. அவனுக்கு எத்தனை மணி நேரப் பழக்கம் இருந்தது, அந்த எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தது, அன்றைய வானிலையில் அவனை அனுப்பியது யார் என்பதையும் கேட்டால்தான் விசாரணை முழுமையாகும். பயிற்சி முடியாதவர்களைப் போருக்கே அனுப்பியதும் உண்டு. 1942 மே 30 இரவு ஜெர்மனியின் கொலோன் நகரைத் தாக்கப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பயிற்சிப் பிரிவுகளைச் சேர்ந்தவை. பயிற்றுநர்களோடு மாணவர்களும் போனார்கள்.

பயிற்சியைச் சுருக்குவதற்கு, நேரமில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் அதே 1942-ல் குண்டுவீச்சு விமானத்துக்கு இரண்டு விமானிகள் என்ற முறையை நிறுத்தி, ஒருவர் போதும் என்று முடிவெடுத்தார்கள். தேவைப்பட்ட விமானிகளின் எண்ணிக்கை குறைந்தது. அதே பள்ளிகளில், ஒவ்வொரு விமானிக்கும் கூடுதல் நேரம் பயிற்சி கொடுக்க முடிந்தது.