டைல்ஸ் வெட்டத் தண்ணீர் ஏன் வேண்டும்? இயந்திரம் வாங்கும் முன் அறிய வேண்டியவை

கெலாங் பாத்தா: தீபாவளி நெருங்கினால் கெலாங் பாத்தாவிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் வீடு சீரமைப்பு வேலைகள் தொடங்கிவிடும். சமையலறைத் தரை, குளியலறைச் சுவர், முன்வாசல் என ஏதாவது ஓரிடத்தில் பழைய மொசேக் பெயர்க்கப்பட்டுப் புது டைல்ஸ் பதிக்கப்படும். செலவைக் குறைக்க வார இறுதியில் தாங்களே அந்த வேலையில் இறங்குவோரும் உண்டு. அதையே பிழைப்பாகக் கொண்ட நம் இளைஞர்களும் உண்டு. இரண்டாவது இணைப்புப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

பல வீடுகளில் இன்றும் கைக் கிரைண்டரில் டைமண்ட் பிளேடைப் பொருத்தி, தண்ணீர் இல்லாமலேயே டைல்ஸை வெட்டுகிறார்கள். வெட்டுபவரின் முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும் இருக்கும். வெள்ளைப் புகைபோல் எழும் தூசி, பிள்ளைகள் இருக்கும் பக்கத்து அறைவரை பரவும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டிவிட்டால் சரியாகிவிட்டது என்ற எண்ணமே பெரும்பாலும் நிலவுகிறது.

கண்ணுக்குத் தெரியாத தூசி

டைல்ஸிலும் கிரானைட்டிலும் சிமெண்டிலும் சிலிக்கா எனப்படும் படிகப் பொருள் இருக்கிறது. கிரானைட்டில் பொதுவாக 20 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும். சமையலறை மேடைக்குப் போடப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் கல் பலவற்றில் அது 90 விழுக்காட்டையும் தாண்டும். கண்ணுக்குத் தெரியும் புழுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளில்தான் இருக்கிறது. அது நுரையீரலின் அடிவரை சென்று தழும்பை உண்டாக்குகிறது. இதுவே சிலிகோசிஸ் எனும் நோய். தழும்பான நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-ஆம் ஆண்டிலேயே இந்தத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

நம் இனத்தவருக்கு இந்த நோய் புதிதல்ல. கர்நாடகாவின் கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானது அந்தச் சுரங்கத்தில்தான். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அங்கே பாறையிலிருந்து கிளம்பிய அதே சிலிக்காத் தூசிதான் இங்கே சமையலறையில் டைல்ஸ் வெட்டும்போதும் கிளம்புகிறது. ஆஸ்திரேலியாவில் செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை வெட்டிய இளம் தொழிலாளர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானதால், 2024 ஜூலை 1 முதல் அந்நாடு அத்தகைய கல்லுக்கே தடை விதித்தது.

டைல்ஸுக்குத் தடை தேவைப்படவில்லை. வெட்டும் இடத்தில் தண்ணீர் பாய்ந்தால் தூசியின் பெரும்பகுதி சேறாகிக் கீழே விழுந்துவிடும். பிளேடும் சூடேறாது, டைல்ஸின் ஓரமும் உதிராது.

எந்த வேலைக்கு எந்த இயந்திரம்?

நேர்க்கோட்டில் மட்டும் வெட்ட வேண்டும் என்றால் மின்சாரமே தேவையில்லை. கோடு கீறி, அழுத்தி உடைக்கும் கைக் கட்டரே போதும். அதில் தூசியும் மிகக் குறைவு, சத்தமும் குறைவு. குழாய்க்காக மூலையில் ‘எல்’ வடிவில் வெட்டுவதற்கும், ஓரத்தில் மெல்லிய துண்டு எடுப்பதற்கும், 45 பாகையில் சாய்த்து வெட்டுவதற்கும், தடித்த போர்சலின், கிரானைட் போன்றவற்றுக்கும்தான் தண்ணீர் இயந்திரம் தேவை.

அதில் மூன்று வகை உண்டு. முதலாவது, சிறிய மேசை வகை. பிளேடு மேசைக்கு அடியிலிருந்து மேலே நீண்டிருக்கும். கீழே உள்ள தொட்டித் தண்ணீரில் நனைந்தபடி சுழலும். பெரும்பாலும் 180 மில்லிமீட்டர் பிளேடு பொருத்தப்படும். சில நூறு ரிங்கிட்டில் கிடைக்கும் இவ்வகை, 1 அடிக்கு 1 அடி டைல்ஸுக்கு ஏற்றது. 2 அடிக்கு 2 அடி டைல்ஸை இதில் வைத்தால் அது ஆடும். பக்கத்தில் தாங்குபலகை வைக்காமல் வெட்டக் கூடாது.

இரண்டாவது, தண்டவாள வகை. டைல்ஸ் அசையாமல் இருக்க, மோட்டார் மேலே நகரும். பம்பு வழியாகப் பிளேடின் மீது தண்ணீர் பாயும். விலை பல மடங்கு கூடுதல். வாங்கும்போது டைல்ஸின் நீளத்தை மட்டும் பார்க்கக் கூடாது, மூலைக்கு மூலை உள்ள தூரத்தையும் கணக்கிட வேண்டும். 60 சென்டிமீட்டர் சதுர டைல்ஸை மூலைவிட்டமாக வெட்ட, ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் நீளம் வெட்டக்கூடிய இயந்திரம் வேண்டும். ஒரே ஒரு சமையலறைக்காக இதை வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது மேல்.

மூன்றாவது, தண்ணீர்க் குழாய் பொருத்தப்பட்ட கை மார்பிள் கட்டர். பதித்த டைல்ஸை வெட்டவும் இது உதவும். ஆனால் தூசியை அடக்குவதில் இது மேசை வகைக்கு ஈடாகாது. தண்ணீர் பாயும் நிலையான ரம்பத்துக்கு அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் சுவாசக் கவசத்தைக் கட்டாயமாக்கவில்லை. தண்ணீர் பாய்ந்தாலும், கைரம்பத்தை வீட்டுக்குள் பயன்படுத்தினால் கவசம் கட்டாயம் என்கின்றன. துணிக் கவசம் இந்த நுண்துகளைத் தடுக்காது. குறைந்தது என்95 வகை வேண்டும், அதுவும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும்.

பிளேடில் கவனம்

டைல்ஸுக்கு விளிம்பில் இடைவெளி இல்லாத, வட்டம் முழுமையான டைமண்ட் பிளேடுதான் பொருத்தம். இடைவெளி விட்டுப் பல் பல்லாக இருப்பது சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் உரியது. அதை டைல்ஸில் வைத்தால் ஓரம் உதிரும். பிளேடில் எழுதப்பட்டுள்ள உச்சச் சுழற்சி வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. நடுத் துளையின் அளவும் சரியாகப் பொருந்த வேண்டும். அம்புக்குறி காட்டும் திசையில்தான் மாட்ட வேண்டும்.

டைமண்ட் பிளேடு அறுப்பதில்லை, தேய்க்கிறது. ஆகவே டைல்ஸைப் பலமாகத் தள்ளுவதால் வேலை வேகமாக நடக்காது. பிளேடு வளையும், டைல்ஸ் உடையும். பிளேடு மழுங்கியதுபோல் தோன்றினால் உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. தண்ணீர் பாய்ச்சியபடி, மென்மையான செங்கல் ஒன்றில் சில முறை வெட்டினால் மறைந்திருந்த வைரத் துகள்கள் மீண்டும் வெளியே தெரியும்.

மேசை இயந்திரத்தில் டைல்ஸின் பளபளப்பான முகம் மேல்நோக்கி இருக்க வேண்டும். பிளேடு டைல்ஸுக்கு மேல் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் தெரிந்தால் போதும். கடைசி ஓர் அங்குலத்தில்தான் டைல்ஸ் பெரும்பாலும் உடையும். அதனால் எதிர்ப் பக்கத்திலிருந்து ஓர் அங்குலம் முதலில் வெட்டிவிட்டு, பிறகு இந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்ப்பது நல்லது. தளர்ந்த சட்டைக்கை, துண்டு, வளையல், கைச்சங்கிலி எதுவும் பிளேடு அருகே வரக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் தேவை.

தண்ணீரும் மின்சாரமும்

நுரையீரலைக் காக்கும் தண்ணீரே மின்சாரத்தோடு சேர்ந்தால் உயிரைப் பறித்துவிடும். வீட்டு மின்பெட்டியில் ஈஎல்சிபி இருக்கிறது, அது காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். பல வீடுகளில் முதன்மை ஈஎல்சிபி 100 மில்லி ஆம்பியர் அளவுடையது. மனித உயிரைக் காக்க அது போதாது. கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர், தரை ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் என 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் வரையறுக்கின்றன. கருவியின் மேல் 0.03 ஆம்பியர் அல்லது 0.01 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். வேலை தொடங்கும் முன் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும்.

இணையத்தில் மலிவாக வாங்கும் சில இயந்திரங்கள் இரண்டு முள் பிளக்குடன் வருகின்றன. மூன்று முள் துளையில் பேனாவைச் செருகி அதை நுழைக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். மூன்று முள் பிளக்கிலும் நீட்டிப்புக் கம்பியிலும் சிரிம் முத்திரை இருக்க வேண்டும். கம்பி பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து வரும்படி விட்டால், கம்பி வழியே வடியும் தண்ணீர் பிளக்கைத் தொடாமல் தரையில் சொட்டும். கம்பிச் சுருளை முழுமையாக அவிழ்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும். செருப்புக்குப் பதில் ரப்பர் காலணி அணிய வேண்டும்.

வேலை முடிந்த பிறகு

தொட்டித் தண்ணீர் பால்போல் கெட்டியானால் மாற்ற வேண்டும். அந்தச் சேற்றைக் கால்வாயில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். வாளியில் ஓர் இரவு தெளியவிட்டு, அடியில் தங்கும் கசடைப் பையில் கட்டிக் குப்பையில் போடலாம். தரையில் சிதறிய சேறு காய்ந்தால் மீண்டும் தூசியாகிவிடும். அதனால் ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும், துடைப்பத்தால் கூட்டக் கூடாது. தொட்டியைக் காலி செய்து கவிழ்த்து வைக்க வேண்டும். தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு இடமாகும். நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975-இன்கீழ் அதுவும் குற்றமே.

தொழிலாளிக்கும் உரிமை உண்டு

2024 ஜூன் 1 முதல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. இரண்டு பேரை வைத்து டைல்ஸ் பதிக்கும் சிறு குத்தகையாளரும் அதில் அடங்குவார். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையை அச்சட்டம் தொழிலாளிக்குத் தருகிறது. சொந்தமாகக் கூலி வேலை செய்பவர்களுக்கும் சொக்சோவின் சுயதொழில் திட்டம் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கல்லும் டைல்ஸும் வெட்டியவருக்கு விடாத இருமலோ மூச்சிரைப்போ இருந்தால், மருத்துவரிடம் தம் தொழில் இன்னதென்று முதலிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சாதாரண இருமலாகவோ காசநோயாகவோ மட்டும் பார்க்கப்படலாம்.

வேலையைக் குத்தகைக்கு விடும் குடும்பத்தினருக்கும் இதில் பங்கு உண்டு. கூலியைப் பேசி முடிக்கும்போதே, டைல்ஸை எதில் வெட்டுவீர்கள், தண்ணீர் விட்டு வெட்டுவீர்களா என்று கேட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாயும் பாதுகாப்பான மின்சாரமும் உள்ள ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். அதற்காகக் கூலி சற்றுக் கூடினாலும் கொடுத்துவிடலாம். வெட்டுகிறவரின் நுரையீரலும் வீட்டுப் பிள்ளைகளின் நுரையீரலும் அந்தத் தொகையைவிட விலை கூடியவை.