நாசிக் முதல் மைசூர் வரை: இந்தியப் பணத்தாள் அச்சகங்களும் தமிழ் எழுத்தும்

பணத்தாள்களின் வடிவமைப்பைப் பேசும் அளவுக்கு, அவை அச்சாகும் கட்டடங்களை ஆய்வுலகம் பேசுவதில்லை. ஆனால் அச்சுத் தகடு எவர் காவலில் இருக்கிறதோ, பணத்தை உண்டாக்கும் ஆற்றலும் அவரிடமே இருக்கிறது. எனவே அச்சகத்தின் இருப்பிடம் இறையாண்மை சார்ந்த பொருளாகும்.

இதனை உணரக் குழிவு அச்சுமுறையை அறிதல் வேண்டும. செதுக்குநர் உருவத்தையும் எழுத்தையும் இடவலம் மாற்றி உலோகத் தகட்டில் வெட்டுவார். வெட்டிய பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, பேரழுத்தத்தில் தாளைப் பதிப்பர். மை தாளின்மேல் மேடாக நிற்கும். விரல்நுனி அதனை உணரும். செப்புத் தகடு விரைவில் தேய்ந்துவிடும். அமெரிக்காவின் நியூபரிபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேக்கப் பெர்கின்ஸ் கடினமாக்கிய எஃகைக் கையாண்டு இக்குறையைப் போக்கினார். மூலத்தகட்டின் உருவை எஃகு உருளைக்கு மாற்றி, அவ்வுருளையால் ஒரே மாதிரியான பல தகடுகளை உருவாக்க முடிந்தது. 1819இல் அவர் இங்கிலாந்து சென்றார். அங்கு அவர் தொடங்கிய நிறுவனமே 1840இல் உலகின் முதல் ஒட்டு அஞ்சல்தலையை அச்சிட்டது.

1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் இந்திய அரசு வெளியிட்ட தாள்கள் இங்கிலாந்திலிருந்தே வந்தன. 1925இல் நாசிக்கில் அஞ்சல்தலை அச்சிடும் பணி தொடங்கியது. 1928இல் அங்கேயே பணத்தாள் அச்சகம் அமைந்தது. 1932க்குள் எல்லா மதிப்புத் தாள்களும் அங்கு அச்சாயின. ரிசர்வ் வங்கி பணி தொடங்கியதோ 1935இல்தான். இந்தியாவில் பணத்தாளை வெளியிடும் வங்கியைவிட அதனை அச்சிடும் கூடம் மூத்தது!

ஆயினும் அச்சகம் இருந்தமையால் மட்டும் சார்பு நீங்கிவிடவில்லை. 1990களின் பிற்பகுதியில் தாள் தட்டுப்பாட்டைப் போக்க அமெரிக்க, பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்களிடம் பணத்தாள்கள் அச்சிட்டுப் பெறப்பட்டன. நாட்டின் பணம் அயல்நாட்டில் அச்சானதை நாடாளுமன்றக் குழு பின்னர்க் கடுமையாகக் கண்டித்தது. ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் 1996இல் மைசூரிலும் மேற்கு வங்கத்தின் சால்பனியிலும் அச்சகங்களைத் தொடங்கியிருந்தது. பணத்தாளுக்குரிய காகித ஆலை மைசூரில் உருவானது அதற்கும் பிந்தியே. அச்சு முதலில் வந்தது, காகிதம் கடைசியில் வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கர்நாடக எல்லையை ஒட்டிய ஜவளகிரியின் சந்தையில் கைமாறும் தாளிலும் இவ்வரலாற்றின் தடம் உண்டு. காலனியக் காலத் தொடக்கநிலைத் தாள்களில் மொழிகள் வெளியீட்டு வட்டத்திற்கேற்ப வேறுபட்டன. இன்று பின்புற மொழிப்பட்டியலில் பதினைந்து மொழிகள் உள்ளன. ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசைப்படி கன்னடம் நான்காவதாகவும் தமிழ் பதின்மூன்றாவதாகவும் நிற்கின்றன. காந்தியின் உருவம், அசோகத் தூண் சின்னம், ஆளுநரின் கையொப்பம் முதலியவை மேடான அச்சில் அமைவதாக ரிசர்வ் வங்கி குறிப்பிடுகிறது. அவ்வரிசையில் மொழிப்பட்டியல் இடம்பெறவில்லை. தாளின் மதிப்பைக் கூறும் தமிழ்ச் சொற்கள் கண்ணுக்கு மட்டுமே உரியவையாக உள்ளன.