மட்கார்டைக் கவிழ்த்துப் பார்த்தபோது

புல்லட்டின் பின் மட்கார்டில் துரு எங்கே ஆரம்பிக்கிறது என்பது, ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கதையையும், அதன் பின்னால் இருக்கும் வேதியியலையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

வண்டி 1976-ஆம் வருடத்து என்ஃபீல்டு இந்தியா புல்லட். அப்பாவுடையது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது, ஆலை திருவொற்றியூரில். இங்கிலாந்துக் கம்பெனி 1970-ல் மூடப்பட்டது. இங்கே மட்டும் ஏறக்குறைய அதே உருவத்தில் வண்டி வந்துகொண்டே இருந்தது.

முதல் தடவை கொடுத்த இடத்தில், பெயர் வேண்டாம், மேலே பொரிந்திருந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பட்டி போட்டு, தேய்த்து, கறுப்பு அடித்துக் கொடுத்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மழைக்காலம் முடிந்தது. நம்பர் பிளேட்டுக்கு மேலே மறுபடியும் கொப்புளம். விரலால் அழுத்தினால் பட்டி அப்பளம் மாதிரி நொறுங்கி, உள்ளே டயர் தெரிகிறது!

திருச்சியில் ஒரு பழைய டிங்கர் அண்ணனிடம் கழற்றிக்கொண்டு போனேன். அவர் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. "கவுத்துப் போடு தம்பி. நோவு உள்ள இருக்கு, நீ தோலுக்கு மருந்து போட்டிருக்க" என்றார்.

மணப்பாறை வறண்ட ஊர். கடல் காற்றும் கிடையாது. அப்புறம் எப்படி இவ்வளவு துரு? டயர் வாரி அடிக்கும் செம்மண் மட்கார்டின் உட்பக்கம், பிராக்கெட்டுகள் சேரும் மூலையில், அடையாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு மழை பெய்தால் ரோடு மறுநாளே காய்ந்துவிடும், அந்த அடை பல நாள் ஈரமாகவே இருக்கும். அதன் ஓரத்தில் காற்று படுகிறது, நடுவில் படுவதில்லை. ஒரே தகட்டில் இந்த வித்தியாசம் போதும், அது ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும். அதில் கரைவது காற்று படாத இடம். 'மூடியிருக்கு, பத்திரமா இருக்கும்' என்று நாம் நினைக்கும் இடம்தான் முதலில் ஓட்டையாகிறது. இரும்பு துருவானால் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் கூடும் என்பதால் பெயிண்ட் மேலே பொரிகிறது. அதாவது கொப்புளம் தெரியும் நேரத்தில் உள்ளே கதை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. வண்டி சில வருஷம் மாட்டுத் தொழுவத்தின் மூலையில் நின்றது. மாட்டு மூத்திரத்தில் உள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் அரிப்பு வேகமெடுக்கும். சந்தைக்குப் பேர்போன ஊரில் இதைக் கூட யோசிக்காமல் நிறுத்தியிருக்கிறோம்.

புது மட்கார்டு வாங்கிப் போடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். கடையில் பார்த்த டூப்ளிகேட் கையில் எடுத்தாலே லேசாக இருந்தது. என்னுடையதில் நல்ல இடத்தில் வெர்னியர் வைத்தால் 1.2 மி.மீ., பழைய கணக்கில் 18 கேஜ். அது போக, முன்பாதியில் அசல் பெயிண்டும் தங்கநிறக் கோடும் அப்படியே இருந்தன. கெட்டது கடைசி மூன்றில் ஒரு பங்கு மட்டும்தான்.

துருவை எடுக்க சிலர் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுவார்கள். தயவுசெய்து வேண்டாம். அதன் குளோரைடு மடிப்புக்குள் தங்கி, திரும்பத் துருவை இழுக்கும். நான் பயன்படுத்தியது மாட்டுத் தீவனத்துக்கு வாங்கும் மொலாசஸ். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பாதியாக வெட்டிய பேரலில். கெட்ட பகுதி மட்டும் முங்கும்படி மட்கார்டைச் செங்குத்தாக நிறுத்தினேன். புளி போட்டுப் பித்தளைக் குடம் தேய்ப்பதற்கு உறவுக்கார முறைதான் இது. கரைசலில் உள்ள பொருட்கள் துருவிலுள்ள இரும்பைப் பிடித்து இழுக்கும், நல்ல இரும்பை அவ்வளவாகத் தொடாது. பெயிண்டை முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலரத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பன்னிரண்டு நாள் ஊறியது. நாற்றம் தெருவுக்கே தெரிந்தது. அம்மா பேச்சை நிறுத்திக்கொண்டார்.

எடுத்துக் கழுவியபோது தகடு சாம்பல் நிறத்தில், சல்லடையாக இருந்தது.

அடுத்து வெல்டிங். திருச்சியைச் சுற்றி வெல்டருக்குப் பஞ்சமில்லை. பெல் ஆலை வந்தது 1960-களில்; 1975-ல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. ஆனால் பாய்லர் தகட்டில் கை பழகியவருக்கு 1.2 மி.மீ. வேறு உலகம். சாதாரண ஆர்க் ராடு வைத்தால் ஓட்டை பெரிதாகும். அண்ணன் கேஸில்தான் செய்தார். சல்லடையான பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எறிந்தார். அதே கேஜ் தகட்டை மணல் மூட்டை மேல் வைத்துத் தட்டி வளைவு கொடுத்தார். ஒட்டை உள்ளே மேலடுக்காக வைக்கவில்லை, விளிம்போடு விளிம்பு சேர்த்தார். மேலடுக்காக வைத்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் நின்று அதே கதை மறுபடி ஓடும்.

பற்றவைப்பதும் வரிசையாக இல்லை. இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, ஒரு டீ. சூடான இரும்பு விரிய முயலும், சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது, ஆறும்போது முன்பைவிடச் சுருங்கி மொத்தத் தகட்டையும் கோணலாக இழுத்துவிடும். அந்தச் சுருக்கத்தை அடியில் டாலி வைத்துச் சுத்தியலால் தட்டி நீட்டினார். பொட்டுகள் எல்லாம் சேர்ந்ததும் லைட்டை அணைத்துவிட்டு உள்ளே ஒரு பல்பைப் பிடித்தோம். மூன்று இடத்தில் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம். அதையும் மூடினார்.

பட்டி இந்த முறையும் போட்டோம், நகம் அளவுக்கு மெல்லிசாக, சுத்தமான இரும்பின் மேல். பட்டி கெட்ட பொருள் இல்லை, ஓட்டையை அடைக்க அது ஆகாது, அவ்வளவுதான். ரெட் ஆக்சைடோடு நிறுத்திவிடுவது நம் ஊர்ப் பழக்கம். சாதாரண பிரைமர் மட்டும் ஈரத்தை முழுசாகத் தடுக்காது. எபாக்சி பிரைமர், மேலே கறுப்பு, உட்பக்கம் கனமான அண்டர்பாடி கோட்டிங் என்று முடித்தோம். பிராக்கெட் போல்ட்டுகளுக்கு ரப்பர் வாஷர்.

கோடு போட போர்டு எழுதும் பெரியவர் ஒருவர் வந்தார். பழைய கோட்டின் முனையில் பிரஷ்ஷை வைத்து ஒரே மூச்சில் இழுத்தார். இரண்டும் சேரும் இடத்தில் புதுசு கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறது. மங்க வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது மழை பெய்த மறுநாள் மட்கார்டுக்கு அடியில் கையை விட்டு மண்ணை வழித்து எடுக்கிறேன். இரண்டு நிமிஷ வேலை.