கல்லறைக்குப் பின் வந்த கோயில்

வாளையார் கணவாயைத் தாண்டித் தெற்கே மலையோடு மலையாக இறங்குகிறது தமிழக–கேரள எல்லை. அதை ஒட்டிய மூணாறில், பழைய மூணாறுக் குன்றின்மேல் நிற்கிறது சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயம்.

எங்கும் கோயிலைக் கட்டிவிட்டுத்தான் பக்கத்தில் கல்லறைக்கு இடம் விடுவார்கள். இங்கே கல்லறைதான் மூத்தது. 1894 டிசம்பரில், தோட்ட மேலாளர் ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட்டின் மனைவி எலினார் இசபெல் மே காலராவில் இறந்தார். வயது 24, கல்யாணமாகி மலையேறி வந்த கையோடு போய்விட்டார். செத்தால் இந்தக் குன்றிலேயே புதைக்க வேண்டும் என்று அவர் விளையாட்டாகச் சொல்லியிருந்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் குழியைச் சுற்றி மற்றவர்களின் கல்லறைகளும் சேர்ந்தன. ஆலயத்துக்கு அடிக்கல் விழுந்தது 1910 மார்ச்சில்தான்.

கருங்கல் சுவர், வண்ணக் கண்ணாடி சன்னல், மரப் பெஞ்சு என எல்லாம் இங்கிலாந்துக் கிராமக் கோயிலின் சாயல். ஆனால் அந்தக் கோயில்கள் ஒரே மூச்சில் எழுந்தவை அல்ல. ஒரு நூற்றாண்டில் கோபுரம், இன்னொன்றில் பக்கச் சிறகு என்று வளர்ந்தவை. பீடப் பகுதியைப் பழுதுபார்ப்பது குருவின் பொறுப்பு, மக்கள் அமரும் கூடம் ஊராருடையது என்பது அங்கே வழக்கம். ஆட்டு ரோமம் நல்ல விலைக்குப் போன ஊர்களில் கூரையும் உயர்ந்தது. மூணாறில் ரோமத்தின் இடத்தில் தேயிலை. நானூறு ஆண்டுப் பழமையை ஓரிரு ஆண்டில் எழுப்பிக்கொண்டார்கள் துரைமார். 1839இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கேம்டன் சங்கம், இடைக்காலக் கோயிலே சரியான கோயில் என்று வாதாடி, அந்த மோகத்தைக் குடியேற்ற நாடுகள்வரை பரப்பியிருந்தது. ஊர் ஏக்கமும் சேர்ந்துகொண்டது என்பது என் எண்ணம். கட்டியவர்களில் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பதுதான் வேடிக்கை.

உள்சுவரில் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். இறந்துபோன தோட்டத் துரைமாரின் நினைவு அது. அவர்கள் இருந்தது, தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன்வரை ரயிலிலும், அங்கிருந்து போடிப் பக்கம் கம்பிவடத்திலும் இறங்கிய காலம். 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடியோடு கொண்டுபோனது. குன்றின்மேல் இருந்ததால் கோயில் தப்பியது.

1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கியச் சபைகள் சென்னையில் இணைந்து சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. துரைமார் போய்விட்ட கோயிலில் இப்போது தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ஆராதனை நடக்கிறது. தோட்ட வேலைக்குக் கங்காணி அழைத்துவந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊரில், தமிழ் ஆராதனை இல்லாமல் எப்படி?