குசினி சிங்க்: பளபளப்பு மட்டும் போதுமா?

வீடு கட்டுபவர் கதவு, ஜன்னல், டைல் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக் கடை ஏறி இறங்குவார். குசினிக்குச் சிங்க் என்று வரும்போது மட்டும் மேசன் பாஸிடம் காசைக் கொடுத்து "நல்லதாய் ஒன்று எடுத்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார். அந்த வீட்டுப் பெண்கள் நாளில் அதிக நேரம் நிற்பது அதன் முன்னால்தான். ஹாட்வெயார் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கும், வீடு கட்டுகின்ற அல்லது சாப்பாட்டுக் கடை போடுகின்ற ஏனைய வியாபாரிகளுக்கும் உதவும் என்பதால் இவ்வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்பது ஒரே சாமான் அல்ல. இரும்போடு குரோமியம் சேரும்போது மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படை ஒன்று உண்டாகிறது. கறல் பிடிக்காமல் காப்பது அந்தப் படைதான். நல்ல சிங்க்குகள் 304 என்ற தரத்தில் வருகின்றன. அதில் ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும். கரண்டிகளில் 18/8 என்று அடித்திருப்பதும் இந்தக் கணக்கைத்தான். அடுத்தது 201. அதில் நிக்கலைப் பாதியளவுக்குக் குறைத்து, மலிவான மங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே பளபளப்புத்தான். வித்தியாசம் தெரிவது பிறகு, அதுவும் உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் சீக்கிரமாக.

இந்த மாற்றுத் தரம் வந்ததற்குக் காரணம் நிக்கலின் விலை. 2022 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் தொன் ஒன்று ஒரு இலட்சம் டொலரையும் தாண்டியதால் வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தார்கள். அதே மாதத்தில்தான் எமது ரூபாவும் சரியத் தொடங்கியது. ஆண்டின் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், நடுப்பகுதியில் 360 ரூபாவைத் தொட்டது. அப்படியான காலத்தில் மலிவான தரத்தை விற்பது குற்றமல்ல. வசதி குறைந்தவருக்கு அதுவும் வேண்டும். 201ஐ 304 என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

சில வாடிக்கையாளர்கள் காந்தத்துடன் வருகிறார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சாமான் என்பது அவர்கள் கேள்விப்பட்டது. இது அரைவாசிதான் உண்மை. நிக்கல் இல்லாத 430 தரத்தில் காந்தம் ஒட்டும், ஆகவே அதைக் கண்டுபிடிக்கலாம். 201இலும் 304இலும் ஒட்டாது. அழுத்தி வளைத்த மூலைகளில் நல்ல 304கூட இலேசாக இழுக்கும். மங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் இருக்கிறது. ஒரு துளி விட்டு, சிறிய பற்றரியால் மின்சாரம் கொடுத்தால் 201 சிவந்து போகும். மொத்தமாகக் கொள்முதல் செய்பவர்கள் ஒரு போத்தலைக் கையில் வைத்திருப்பது நல்லது. பழைய சோனகத் தெருவில் சாமான் எடுக்கும்போது நான் பெட்டியில் ஒட்டிய லேபலைப் பார்த்து விலை பேசுவதில்லை.

தடிப்பையும் கவனியுங்கள். கேஜ் இலக்கம் கூடக் கூடத் தகடு மெல்லிதாகும். 18 கேஜ் என்பது ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர், 22 கேஜ் என்பது 0.8. ஒரே அளவான இரண்டு சிங்க்குகளைத் தராசில் வைத்தாலே உண்மை வந்துவிடும், மெல்லியது மற்றதில் மூன்றில் இரண்டு பங்குதான் நிறுக்கும். மெல்லிய தகட்டில் தண்ணீர் விழுந்தால் தகரக் கூரையில் மழை பெய்வது போலச் சத்தம் வரும். அடியில் றப்பர் ஒட்டியிருந்தால் சத்தம் குறையும், ஆனால் தடிப்பு கூடாது.

அளவு விடயத்தில் எமது வீடுகளின் தேவை வேறு. இரண்டு குழி உள்ள சிங்க் பார்க்க அழகு. ஆனால் சஹனைச் சரித்துப் பிடித்துக் கழுவ முடியாத குழி இரண்டு இருந்து என்ன பயன்? நோன்பு காலத்துக் கஞ்சிப் பானையும் இருக்கிறது. ஆகவே ஒரு பெரிய குழியும், பக்கத்தில் தண்ணீர் வடியும் தட்டும் உள்ளதையே நான் சொல்வேன். சாமான் எடுக்க வருபவரிடம் வீட்டிலுள்ள பெரிய சஹனை அளந்து வரச் சொல்லுங்கள். குழி 10 அங்குல ஆழமாக இருந்தால் தண்ணீர் தெறிக்காது, ஆனால் மேடை பதிவாக இருந்தால் கழுவுகிறவரின் முதுகு போய்விடும். 8 அங்குலம் பெரும்பாலானோருக்குப் போதும். இதைக் குசினியில் நிற்பவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும், பணம் கொடுப்பவரை அல்ல.

இனி வியாபாரிகளுக்குத் தலையிடி தருகின்ற ஒரு விடயம். "நானா, நீங்கள் தந்தது ஒரிஜினல் இல்லை, குடிபோக முன்னமே கறல் பிடிச்சிட்டு" என்று ஒருவர் என் கடைக்கு வந்தார். நேரில் போய்ப் பார்த்தேன். புது வீடு, புது டைல். சிங்க் முழுவதும் தேநீர் நிறத்தில் புள்ளிகள். டைல் எதனால் கழுவினீர்கள் என்று கேட்டதும் விடயம் வெளிவந்தது. சீமெந்துக் கறையைப் போக்க டைல் பாஸ் அசிட் ஊற்றிக் கழுவிவிட்டு, மிச்சத்தைச் சிங்க்கிலேயே கொட்டியிருக்கிறார். அந்த அசிட் முதலில் சொன்ன காப்புப் படையைத் தின்றுவிடும். கொட்டக்கூடத் தேவையில்லை, மூடிய அறையில் அதன் ஆவியே போதும். எந்தத் தரமும் இதற்குத் தாக்குப் பிடிக்காது. மேலோட்டமான கறையை அப்பச் சோடாவைக் குழைத்துத் தேய்த்துப் போக்கினோம். குழி விழுந்த இடங்களுக்கு வழியில்லை. அன்றிலிருந்து விற்கும்போதே இதைச் சொல்கிறேன், பில்லிலும் ஒரு வரி எழுதுகிறேன். தரமும் கேஜும் அதே பில்லில் இருக்கும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தேயாக வேண்டும், பொய் சொல்லி விற்பதும் தவறு. விபரமான பில் விற்பவருக்கும் பாதுகாப்புத்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. கம்பிப் பஞ்சால் தேய்த்தால் அதன் துகள்கள் ஒட்டிக் கறல் பிடிக்கும், பழி சிங்க்கின் மேல் விழும். ஈர இரும்புத் தாச்சியை இரவு முழுக்க உள்ளே வைத்தாலும் இதே கதைதான். மீன் கழுவிய உப்புத் தண்ணீரையும் குளோரின் கலந்த திரவங்களையும் தேங்க விடாமல் உடனே கழுவிவிட வேண்டும். புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற கிணற்று நீர் ஊர்களில் படியும் வெள்ளைக் கறை கறல் அல்ல, சுண்ணாம்பு. வினாகிரி தடவிக் கழுவினால் போய்விடும். கழுவியபின் ஒரு துணியால் துடைத்து வைத்தால் கறை படிவதே குறைந்துவிடும்.

அடைப்புப் பற்றியும் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். ஆகவே நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் ஆணச் சட்டியை அப்படியே கழுவி ஊற்றினால் எண்ணெய் குழாய்க்குள் உறைந்து, தேங்காய்ப்பூவையும் சோற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் சட்டியைக் கடதாசியால் துடைக்க வேண்டும். அடியிலுள்ள வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், கானின் நாற்றம் மேலே வராமல் தடுப்பது அதுதான். அந்த வளைவைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம், கையால் கழற்றக்கூடியதாகப் பூட்டுங்கள் என்று பாஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.